மக்கள் காட்டுக்கு ஒரு பூட்டு

காட்டு வாசல் கேட்டில் காவல் பார்ப்பது என்றால், வீட்டுக்காரனை வெளியே நிறுத்திவிட்டு விருந்தாளிக்குக் கதவு திறக்கிற வேலை. உங்கள் பழைய எஸ்டேட்டுக்கும் யாராவது பூட்டுப் போட்டிருந்தால், என் வயிற்றெரிச்சல் உங்களுக்குப் புரியும்.

பலகை

தஞ்சோங் ரம்புத்தானுக்கு அப்பால், நாங்கள் பால்மரம் சீவிய ரப்பர் எஸ்டேட் மூடின பிறகு காடாகிவிட்டது. கரடி வந்தது, இருவாச்சி வந்தது. அப்புறம் ஈப்போவிலிருந்து கமிட்டி வந்தது. கம்பிவேலி, கேட்டு, கேட்டுக்குக் காவலாக நான், பெரிய பலகை: 'மக்கள் நடத்தும் வனவிலங்குக் காப்பகம்'. எங்கள் செத்தவர்களைப் புதைத்த இடம் வேலிக்கு உள்ளே மாட்டிக்கொண்டது.

எங்கள் எஸ்டேட்டு முத்தையா இப்போது ஜெலாப்பாங் தொழிற்சாலையில் வேலை செய்கிறவன். அவன் பெண்சாதி சரோஜாவை அங்கேதான் புதைத்திருக்கிறது. பலகையை நின்று வாசித்துவிட்டு என்னிடம் கேட்டான்: "எந்த மக்கள்லா அக்கா? நம்மளக் காணோமே!"

ஒரே நாற்காலி

கமிட்டியில் எங்களுக்கும் ஒரு நாற்காலி கொடுத்தார்கள். செத்தவர்களைப் பார்க்க வழி விடுங்கள் என்று கேட்க, எங்கள் லயத்து ஜோசபின் அக்காவை அனுப்பினோம். ஈப்போ ஹோட்டலில் கூட்டம், எல்லாம் இங்கிலீஷ். ஆள் நடமாட்டம் கரடிக்குத் தொந்தரவு என்று முடித்துவிட்டார்களாம்.

திரும்பி வந்து அக்கா சொன்னது: "கரடிக்குப் பேச மேசை நெறைய ஆளு. நான் வாயத் தொறக்கறதுக்குள்ள தேத்தண்ணி வந்துருச்சி."

தொப்பி

வெளியாட்கள் காட்டுப்பன்றிக்கு வைத்த கம்பிக் கண்ணியில் ஒரு கரடி மாட்டியது. மற்ற கண்ணிகளைத் தேடிப் பிடுங்க கமிட்டி யாரைக் கூப்பிட்டது? எங்களைத்தான்! அன்றைக்கு எங்கள் நடமாட்டம் கரடிக்குத் தொந்தரவு இல்லை போலிருக்கிறது. முத்தையா லீவு போட்டுவிட்டு, மழையில் பாராங் கத்தியோடு போய்ப் பிடுங்கினான். நன்றி சொல்லி ஒரு தொப்பி கொடுத்தார்கள்.

சரோஜாவைப் பார்த்தாயா என்றேன். "எங்கக்கா? 'அந்தப் பக்கம் கூடாது'ன்னு கமிட்டி ஆபீசர் கையப் புடிச்சி இழுத்துட்டான். தொப்பி மட்டும் நல்லாத்தான் இருக்கு."

கறுப்பு பீர்

சரோஜா இறந்த நாளுக்கு முத்தையா கோழிக்கறியும் கறுப்பு பீரும் கேட்டுக்குக் கொண்டுவந்தான். பிள்ளை பெற்ற உடம்புக்கு நல்லதென்று குடிக்க ஆரம்பித்தவள். கடைசிவரை அதுதான் அவளுக்குப் பிடித்தம். செத்தவருக்குப் பிடித்ததைக் குழியில் வைத்துப் படைப்பதுதானே நம் வழக்கம்? உள்ளே விடலாமா என்று ஆபீசருக்குப் போன் போட்டேன். அவனும் நம் தமிழ்ப் பையன்தான். "சோறு, போத்தல் எல்லாம் குப்பைம்மா. கேட்டுலயே படைச்சிட்டுப் போகச் சொல்லுங்க" என்றான். ஏன், செத்தவள் கேட்டுக்கு நடந்து வருவாளாமா?

அந்த நேரம் பார்த்து விருந்தாளிகள் பஸ் வந்தது, ஆளுக்கொரு நாசி லெமாக் சோற்றுப் பொட்டலத்தோடு. "அவங்கள விடுங்க" என்றான் போனிலேயே. திறந்தேன். பஸ் உள்ளே போன பிறகு நான் மூடவில்லை. "போ தம்பி" என்றேன் முத்தையாவிடம்.

சாயங்காலம் கேட்டில் வந்து நின்று ஆபீசர் என்னை ஏசிக்கொண்டிருந்தான். உள்ளேயிருந்து வந்த முத்தையா, ஒரு பெரிய பிளாஸ்டிக் பையை அவன் காலடியில் வைத்தான். "போத்தல் மட்டுந்தான் சார் நம்மளது. பொட்டலமெல்லாம் ஒங்க விருந்தாளிங்க போட்டது. கரடிக்குத் தொந்தரவா இருக்குமேன்னு பொறுக்கியாந்தேன்."

மறுநாளே சாவியைப் பிடுங்கிக்கொண்டு கமிட்டிக்காரர்கள் எனக்குக் கொடுத்திருக்கிற புது வேலை, பஸ்ஸில் வருகிறவர்களைக் கும்பிட்டு 'இது மக்கள் காடு, வாங்க' என்று வரவேற்பது.