நாப்லாவைத் தொடாத பசிப்புல்

அயர்லாந்தில் எங்கள் மேயோ மலைக் கணவாயில் பசிப்புல் இருக்கிறது. பஞ்சத்தில் நடக்க முடியாமல் விழுந்து செத்தவர்கள் மேல் முளைத்த புல். மிதித்தால், வயிறு முட்டச் சாப்பிட்டவனுக்கும் பசி பிடித்துக் கை கால் வெலவெலத்துவிடும். உடனே வாயில் ஏதாவது போடாவிட்டால் ஆள் காலி. அதனால் சந்தைக்குப் போகிறவர்கள் எல்லோரும் ஓட்ஸ் ரொட்டி ஒரு துண்டு எடுத்துக்கொள்வோம்.

பக்கத்து வீட்டு நாப்லா லாவெல் மட்டும் வெறுங்கையோடு வருவாள். எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

"ஏன்க்கா, சாவோட விளையாடுற?"

"உன் ரொட்டிய நீயே மெல்லுடி. அதுவரைக்குமாவது வாய் சும்மா இருக்கும்."

ஒரு காலை மூடுபனியில் அவள் அந்தப் புல்மேல் வெறுங்காலோடு கண்மூடி நின்றுகொண்டிருந்தாள். யாரோ கூப்பிடுவதற்காகக் காத்திருப்பதுபோல இருந்தது. அருகே போனேன். கண் திறக்காமலே சொன்னாள்.

பஞ்ச வருஷம் அவளும் தம்பி ஃபேஹினும் சந்தையில் வாங்கிய சோளமாவோடு இந்த வழியே வந்தார்கள். வீட்டில் அம்மாவும் இரண்டு சின்னதுகளும் பசியில் கிடந்தார்கள். இங்கே வந்ததும் அவன், "ஒரு பிடி குடுக்கா" என்றான். பச்சை மாவைத் தின்று வயிறு வீங்கிச் செத்தவர்களை அவள் பார்த்திருந்தாள். "வீட்டுல காய்ச்சித் தரேன், நட" என்றாள். அவன் உட்கார்ந்துவிட்டான். அவள் வீட்டுக்கு ஓடிக் கஞ்சியோடு திரும்பி வந்தபோது அவன் வாயெல்லாம் புல், உயிர் இல்லை.

"இந்தப் புல்லா முளைச்சு ஊர்ல எல்லாரையும் பிடிக்கிறான். என்னை மட்டும் தொட மாட்டேங்கிறான். என்கிட்ட இனிமே எதுவும் கேக்கக் கூடாதுன்னு இருக்கான்போல."



போன இலையுதிர்காலத்தில் இருவரும் சந்தைக்குப் போனோம். கணவாயில் பனி இறங்கி எங்கள் கால்களே எங்களுக்குத் தெரியவில்லை. மலை மிதப்பதுபோல் இருந்தது. திடீரென்று நாப்லா மடங்கி உட்கார்ந்தாள். உதடு வெளுத்து, நெற்றியெல்லாம் வேர்வை. நான் பதறி ரொட்டியைப் பிய்த்து அவள் வாயருகே கொண்டுபோனேன்.

அவள் என் மணிக்கட்டைப் பிடித்து நிறுத்தினாள். அந்த முகத்தில் அவ்வளவு சந்தோஷத்தை நான் பார்த்ததே இல்லை.

"இருடி. இப்பத்தான் கேட்டிருக்கான். கொஞ்ச நேரம் அவன்கூடப் பசியா இருந்துட்டு வரேன்."