ஆற்றுக்கு வாட்டம்

நானும் மனைவியும் சென்னை வேலையை விட்டுவிட்டு, காஞ்சிபுரத்தில் எங்கள் வீட்டு மாடியறையிலேயே கிராஃபிக்ஸ் வேலையைத் தொடங்கியிருந்தோம். முதலில் கிடைத்தது, ஒரு வீடியோ கேமுக்காகக் கம்ப்யூட்டரில் ஆறு செய்துதரும் வேலை. அது சரியாக வராவிட்டால் மறுபடி பஸ் பிடித்து சென்னை வேலைக்கே போய்விடுவேன் என்று அவள் சொல்லிவிட்டாள். சொன்னால் செய்கிறவள்.

நிலத்தை நான் செய்தேன். பாலாற்றைப் பார்த்து வளர்ந்தவனுக்கு ஆறு செய்யத் தெரியாதா என்ற திமிர் வேறு. அகலமான மணல், நாணல் புதர், கரை எல்லாம் அச்சு அசலாக வந்தன. தண்ணீரை விட்டேன். அது நாலைந்து குட்டையாகத் தேங்கி நின்றுவிட்டது.

அவள் எட்டிப் பார்த்தாள்.

"இன்னாங்க இது, லாரி மண்ணு அள்ளின பள்ளத்தக்கூட விடாம வச்சிருக்கீங்க?"

"நம்ம ஆறு அப்படித்தாம்மா இருக்குது."

"ஓடுற ஆத்துக்கு வாட்டம் வேணும். அத உங்க மூஞ்சில வச்சிக்கினு உக்காந்திருக்கீங்க."

தளம் போடும் கொத்தனார் சொல்வாரே, தண்ணீர் வடிவதற்கான லேசான சரிவு, அந்த வாட்டத்தைச் சொன்னாள்.

ஆறு போகும் வழியை வளைவு நெளிவோடு ஒரே கோடாக வரைந்தாள். கோடு நெடுக ஒவ்வொரு புள்ளியும் முந்தையதைவிட மயிரிழை தாழ்வாக இருக்கும்படி உயரம் கொடுத்தாள். தூரத்தைக் குறுக்கே அளக்காமல் வளைவோடு கூடவே போய் அளந்தாள். வளைவின் வெளிக்கரையைச் செங்குத்தாக்கி, உள்கரையை மணலாகச் சாய்த்தாள். எனக்குச் சுட்டுப் போட்டாலும் வராத பொறுமை அது. பார்க்கப் பார்க்கப் பெருமையாக இருந்தது, கொஞ்சம் பொறாமையும்தான்.

மறுபடி தண்ணீரை விட்டாள். வெளிக்கரையை ஒட்டி வேகம் பிடித்து, அகலமான இடத்தில் நிதானித்து, கடைசி வரை ஓடியது.

"இதெல்லாம் எங்க கத்துக்கின நீ?"

"பாலாத்துல வெள்ளம் வந்தப்ப, ஓரிக்கைப் பாலத்து மேல. எல்லாரும் செல்ஃபி எடுத்துக்கினு இருந்தாங்க. நான் தண்ணியப் பாத்துக்கினு இருந்தேன்."

இரண்டு நாளில், வேலை கொடுத்தவர் போன் செய்தார். ஸ்பீக்கரில் போட்டேன். மிகவும் பிடித்திருக்கிறது, அடுத்த வேலையும் உங்களுக்குத்தான் என்றார். கூடவே, "இது எந்த ஊர் ஆறு? நேரில் வந்து பார்க்கணுமே" என்றார்.

அப்போது சித்திரை வெயில். பாலாறு சொட்டுத் தண்ணீரில்லாமல் வெறும் மணலாகக் கிடந்தது.

அவள் போனை வாங்கினாள்.

"எங்க வீட்டுக்கு வாங்க சார். இங்க மாடியிலதான் ஓடிக்கினு இருக்குது."