செல்வரத்தினம் அண்ணையின் முன் பிரேக்

கார் ஓடாவிட்டால் ஓட்டுகிறவன் நடந்தாவது வீடு போய்ச் சேருவான். கார் நிற்காவிட்டால்தான் அவனை நாலுபேர் தூக்கிக்கொண்டு போகவேண்டி வரும். பிரேக் திருத்துகிற தொழிலின் மகத்துவம் இவ்வளவுதான். ஜக்கில் தூக்கிய காருக்குப் பக்கத்தில் குந்தியிருந்து, கழற்றிய நட்டுகளைச் சிரட்டையில் போட்டுக்கொண்டு, "எப்ப முடியும்?" என்ற கேள்விக்குப் பதில் தேடிய எல்லோரும் என் இனத்தவர்கள். அந்தக் கேள்வியைக் கேட்டுக் கேட்டு வெறுத்துப்போனவர்களும் என் இனத்தவர்கள்தான். உங்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன்.

கரவெட்டியில் எனக்குக் கார் திருத்துகிற ஒரு சின்னக் கராச் இருந்தது. தொண்ணூறில் சண்டை மூண்ட பிறகு யாழ்ப்பாணக் குடாநாட்டுக்குப் பெற்றோல் வருவது நின்றுபோக, கார்கள் மண்ணெண்ணெயில் ஓடப் பழகின. பழகாதவை கொட்டிலில் படுத்துவிட்டன. எங்கள் பக்கத்தில் எழும்பி நடமாடியது செல்வரத்தினம் அண்ணையின் வாடகைக் கார் ஒன்றுதான். ஜப்பான் கார். முன்சில்லு இரண்டிலும் தட்டு பிரேக். சில்லோடு சேர்ந்து ஒரு இரும்புத் தட்டுச் சுற்றும். பிரேக்கை மிதித்தால் ஒரு இரும்பு வாய் அந்தத் தட்டை இரண்டு பக்கமும் கவ்விப் பிடிக்கும். பழைய இங்கிலாந்துக் கார்களிலேயே ஊறிய எங்களுக்கு அது கொஞ்சம் புதுப் பெண்சாதி மாதிரி. எதைச் சொன்னால் கோபிக்கும் என்று தெரியாது.

அந்த வருடம் ஆவணியில் ராசமலருக்குப் பிள்ளை பிறக்க இருந்தது. எங்கள் கராச்சுக்குப் பின்னால் தோட்டம் செய்கிற கந்தசாமியின் மனைவி. முந்தின பிள்ளை, வாகனம் கிடைக்காமல் வீட்டிலேயே பிறந்து, அன்றே தவறிப்போனது. இந்தமுறை பிரசவ நோ தொடங்கினவுடன் பருத்தித்துறை ஆசுப்பத்திரிக்குக் கொண்டுபோய்விட வேண்டும் என்று மருத்துவிச்சி கண்டிப்பாகச் சொல்லியிருந்தார். இருந்தது ஒரு கார். அந்தக் காருக்குத்தான் நோய் வந்தது.

பிடிக்குது

ஒருநாள் காலை செல்வரத்தினம் அண்ணை காரைக் கொண்டுவந்து வாசலில் விட்டு, தோளில் கிடந்த துவாயால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, "தம்பி, பிரேக் பிடிக்குது" என்றார். எனக்கு அன்று காலையிலிருந்தே எரிச்சல். "பிடிக்கிறதுக்குத்தானே அண்ணை பிரேக் பூட்டியிருக்கு? பிடிக்காட்டி வாங்கோ" என்றேன்.

அவர் உள்ளே போய் ஒரு செம்பில் தண்ணீர் கொண்டுவந்து வலதுபக்க முன்சில்லில் ஊற்றினார். தோசைக்கல்லில் தெளித்தது மாதிரிச் சுரீர் என்று ஆவி எழும்பியது. காலை எடுத்த பிறகும் பிரேக் தட்டைக் கவ்விக்கொண்டே நெல்லியடியிலிருந்து வந்திருக்கிறது. மண்ணெண்ணெய்க் காரில், அதுவும் ஒருபக்கச் சில்லு இறுகிய காரில், அவ்வளவு தூரம் ஒரு வேலியிலும் முட்டாமல் வந்த மனுசனை நான் அப்போதே மனதுக்குள் கும்பிட்டேன். அவர் செம்பைக் கவிழ்த்து வைத்துவிட்டுச் சொன்னார்: "பிடிக்குது எண்டால் பகிடி விடுறாய். விடுகுதில்லை எண்டு சொன்னால்தான் உனக்கு விளங்குமோ?"

எல்லாத்துக்கும் ஒரே மருந்து

சில்லைக் கழற்றி இரும்பு வாயைப் பிரித்தேன். உள்ளே பிஸ்டனைச் சுற்றியிருக்கிற றப்பர் வளையம் ஊறிப் பருத்து, பிஸ்டனை அசையவிடாமல் நெரித்துக்கொண்டிருந்தது. மூக்கில் வைத்து மணந்து பார்த்தேன். பிடிபட்டது. "இதை ஆர் கழட்டினது?" என்று கேட்டேன். "நான்தான். ஊத்தையாய்க் கிடந்தது. வலப்பக்கத்தை வடிவாய்க் கழுவிப் பூட்டினன். இடப்பக்கத்தை அடுத்த கிழமை செய்வம் எண்டு விட்டிட்டன்" என்றார் பெருமையாக. எதில் கழுவினீர்கள் என்று கேட்க வேண்டியிருக்கவில்லை.

பிரேக் றப்பருக்கு மண்ணெண்ணெய் ஆகாது, குடித்தால் வீங்கிப்போகும். இதை நான் கத்தித்தான் சொன்னேன். ஆனால் அந்த மனுசனைக் குற்றம் சொல்லவும் முடியாது. அந்த நாட்களில் எங்கள் வீடுகளில் மண்ணெண்ணெய் தொடாத பொருள் எது? அதற்காக வரிசையில் நின்றோம், அதில் சமைத்தோம், அதன் வெளிச்சத்தில் சாப்பிட்டோம், காலில் ஆணி கீறினாலும் அதைத்தான் பூசினோம். ஜப்பானில் றப்பர் செய்தவனுக்கு எங்கள் நிலைமை தெரிந்திருக்க நியாயமில்லை. செல்வரத்தினம் அண்ணை வீங்கின வளையத்தைக் கையில் வைத்து உருட்டி உருட்டிப் பார்த்துவிட்டு உண்மையாகவே மனம் நொந்து கேட்டார்: "இஞ்சின் குடிக்குது, விளக்குக் குடிக்குது, உவருக்கு மட்டும் என்ன கொழுப்பு?"

நின்று பழகின கார்

புது வளையம் கொழும்பில் இருக்கும். ஆனால் கொழும்பு அப்போது சந்திரமண்டலத்துக்குப் பக்கத்தில் இருந்தது. பிரேக் ஒயிலும் அப்படித்தான். அதே இனக் கார் ஒன்று உரும்பிராயில் நல்லதம்பி மாஸ்டரிடம் கிடப்பது எனக்குத் தெரியும். கணக்கு மாஸ்டர். தன் காருக்கு மண்ணெண்ணெய் பருக்கமாட்டேன் என்று சத்தியம் செய்து, அதைக் கொட்டிலில் கல்லுவைத்துத் தூக்கி, தடித்த படங்குத் துணியால் போர்த்து வைத்திருந்தார். பற்றரி செத்து, ரயரில் காற்றுமில்லை. ஆனாலும் வெள்ளிக்கிழமைகளில் கழுவித் துடைப்பார். பின்னேரங்களில் சாரதி ஆசனத்தில் ஏறியிருந்து பேப்பர் வாசிப்பார். பெற்றோல் வருகிற அன்று முதல் பயணம் நல்லூருக்கு என்று மனைவியிடம் சொல்லி வைத்திருந்தார்.

அப்படிப்பட்டவரிடம் போய், "உங்கடை காரின்ரை பிரேக்கைக் கழட்டித் தாங்கோ" என்று எந்த வாயால் கேட்பது? வல்லை வெளியின் எதிர்காற்றில் சைக்கிள் உழக்கிக்கொண்டு போனபோது நாலுவிதமாகச் சொல்லிப் பார்த்தேன். ஒன்றும் சரிவரவில்லை. கடைசியில், காருக்குள் பேப்பரோடு இருந்தவரிடம் ராசமலரின் கதையை அப்படியே சொன்னேன். மாஸ்டர் பேப்பரை மடித்தார். மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார். காரைவிட்டு இறங்கி, முன்பக்கத்தை மூடிக் கிடந்த படங்கைத் தானே இழுத்து விலக்கினார். வளையத்தைக் கழற்றியபோது பக்கத்தில் நின்று விளக்குமாதிரி ஒரு முகக்கண்ணாடித்துண்டால் வெயிலைத் திருப்பி எனக்குக் காட்டினார். பிரேக் ஒயிலையும் ஒரு சுத்தமான போத்தலில் இறக்கித் தந்தார். "மாஸ்டர், உங்கடை காருக்கு..." என்று இழுத்தேன். அவர் சொன்னது இதுதான்: "என்ரை காருக்கு நிக்கிறதுக்கு பிரேக் தேவையில்லைத் தம்பி. அது நல்லாய் நிண்டு பழகீட்டுது."

மிதி, விடாதை

வளையத்தைப் பூட்டியாயிற்று. இனிக் குழாய்க்குள் புகுந்த காற்றை எடுக்கவேண்டும். ஒருவர் உள்ளே இருந்து பிரேக்கை மிதித்துப் பிடிக்க, மற்றவர் கீழே கிடந்து சில்லடியில் உள்ள சின்ன ஆணியைத் திறந்து காற்றை விட்டு மூடவேண்டும். மூடுவதற்குமுன் மேலே இருப்பவர் காலை எடுத்தால் போச்சு. போன காற்று முழுதும் திரும்பி வந்துவிடும். செல்வரத்தினம் அண்ணையை இருத்தினேன். அவருடையது இருபது வருடமாகக் கார் ஓட்டிய கால். நான் சொல்வதைக் கேளாமல் தன் பாட்டில் மேலும் கீழும் போனது. நான் கீழே கிடந்து கத்த, அவர் மேலே இருந்து கத்த, குழாயில் காற்றுக்குமிழி வந்தபடியே இருந்தது.

கந்தசாமி வேலியடியில் நின்று பார்த்துக்கொண்டிருந்தான். "அண்ணை, நான் ஒருக்கா மிதிச்சுப் பாக்கட்டோ?" என்றான். காருக்குள் அதற்குமுன் இருந்திருப்பானோ தெரியாது. ஆனால் தண்ணீர் இறைக்கிற மெசினுக்கு எண்ணெய் இல்லாமல் போன பிறகு அவன் திரும்பத் துலா மிதிக்கத் தொடங்கியிருந்தான். கிணற்றுக்கு மேலே அந்த நீண்ட மரத்தில் ஏறி, முன்னே நடந்தால் வாளி இறங்கும், பின்னே நடந்தால் ஏறும். கீழே நிற்கிறவன் வாளியைக் கவிழ்க்கும்வரை மேலே நிற்கிறவன் அசையக்கூடாது. அந்தக் கால் பிரேக்கில் ஏறியதும் எனக்கு வேலை சுகமாகிவிட்டது. "மிதி" என்று கத்தினால் ஒரே சீராக இறங்கியது. "விடாதை" என்றால் கல்லுமாதிரி நின்றது. என்ன கால் அது! குமிழி அற்று ஒயில் நூல்மாதிரி வரத் தொடங்கிற்று. "உனக்கு இது நல்லாய்ச் சரிவருகுது" என்றேன். கந்தசாமி வேர்வையைத் துடைத்துக்கொண்டு சொன்னான்: "ஒண்டுதான் வித்தியாசம் அண்ணை. கிணத்தடியிலை என்னைப் பாத்து ஒருத்தரும் இப்பிடிக் கத்துறேல்லை."

மிஸியின் குழல்

ஊர் மருத்துவிச்சியை நாங்கள் மிஸி என்போம். வெள்ளைச் சேலை, பழைய சைக்கிள், ஒரு தோற்பை. அவர் பேச்சுக்கு ஊரில் மறுபேச்சில்லை. நானும் செல்வரத்தினம் அண்ணையும் காரை ஓட்டிப் பார்க்கும்போது மிஸி வழியில் நின்று கேட்டார். "என்ன உது, சில்லுக்குள்ளை கிறீச் கிறீச் எண்டுது? உதிலை நான் பிள்ளைத்தாய்ச்சியை ஏத்தமாட்டன்."

சத்தம் எனக்கும் கேட்டதுதான். வலப்பக்கம் புதிதாகப் பூட்டியதால் கொஞ்சம் உரசும், ஓட ஓடச் சரிவரும் என்றேன். மிஸி சைக்கிளை மதிலில் சாத்தினார். "தூக்குங்கோ காரை." தூக்கினேன். தோற்பையைத் திறந்து, வயிற்றில் வைத்துப் பிள்ளையின் நாடி கேட்கிற அந்த மரக்குழலை எடுத்தார். சேலையை ஒதுக்கிக் குந்தி, குழலின் ஒரு முனையைச் சில்லடி இரும்பில் வைத்து, மறுமுனையில் காதை வைத்து, "சுத்துங்கோ" என்றார். சுற்றினேன். கண்ணை மூடிக்கொண்டு கேட்டார். செல்வரத்தினம் அண்ணை மூச்சுவிடவும் பயந்து நின்றார். பிறகு எழும்பி மற்றப் பக்கம் போய் அதேமாதிரிக் கேட்டார். நான் மூன்று நாளாக வலப்பக்கத்தையே கழற்றிப் பூட்டிக்கொண்டிருந்த ஆள். மிஸி குழலைத் துடைத்துப் பைக்குள் வைத்துவிட்டுச் சொன்னார்: "பிள்ளை இடப்பக்கம் கிடக்குது. அங்காலை பாருங்கோ."

இடப்பக்கச் சில்லைக் கழற்றினால், தட்டுக்கும் அதன் பின்னால் உள்ள தகரத்துக்கும் நடுவே ஒரு பயறளவு கல்.

நின்றது காணும்

ஆவணியில் ஒருநாள், பொழுது விடிந்த பிறகுதான் நோ தொடங்கியது. எங்களை இருட்டில் ஓடவைக்கவில்லை, அந்தளவில் ராசமலர் நல்ல மனுசி. மண்ணெண்ணெய்க் காருக்கும் எழும்பக் கொஞ்சம் பெற்றோல் வேண்டும். செல்வரத்தினம் அண்ணை ஒளித்து வைத்திருந்த கடைசிச் சொட்டுப் பெற்றோலைக் காபரேட்டருக்குள் பீச்சிக் காரை எழுப்பினார். பின்னால் ராசமலர், ஒருபக்கம் கந்தசாமி, மறுபக்கம் மிஸி. நான் வழியனுப்பக் கையைத் தூக்கினேன். "கையைக் காட்டுறதை விட்டிட்டு முன்னுக்கு ஏறுங்கோ. பிரேக் போட்ட ஆளும் எங்களோடை வரட்டும்" என்றார் மிஸி.

பருத்தித்துறைச் சந்தைக்குக் கிட்ட, மீன்பெட்டி கட்டிய சைக்கிள் ஒன்று திடீரென்று குறுக்கே வந்து எங்களுக்கு முன்னால் சாய்ந்தது. மீனும் மனிதனும் றோட்டில். செல்வரத்தினம் அண்ணை மிதித்தார். கார் அந்தப்பக்கம் இந்தப்பக்கம் இழுக்கவில்லை. கோடு கீறினமாதிரி நேரே நின்றது. மீன்காரரின் காலுக்கும் எங்கள் பம்பருக்கும் நடுவே ஒரு சாண் இருக்கும். எனக்கு உயிர் போய் வந்தது. கூடவே இஞ்சினும் நின்றுவிட்டது.

சாவி திருப்பினால் பற்றரி முனகியது. விழுந்த மீன்காரர்தான் முதலில் எழும்பி உள்ளே எட்டிப் பார்த்தார், நிலைமை விளங்கியவுடன் சிந்திய மீனை அப்படியே விட்டுவிட்டு, "டேய், எல்லாரும் வாங்கோடா, தள்ளுங்கோ!" என்று கத்தினார். சந்தையில் நின்றவர்கள் ஓடிவந்து கைவைத்தார்கள். முக்கி முக்கித் தள்ளினார்கள். கார் அசையவில்லை. நானும் இறங்கித் தள்ளினேன். அசையவில்லை. பிரேக் மறுபடியும் இறுகிவிட்டதென்று குனிந்து சில்லைப் பார்த்தேன். செல்வரத்தினம் அண்ணை வெறித்தபடி இருந்தார். அவர் கால் இன்னும் பிரேக்கின்மேலேயே இருந்தது. கரவெட்டியிலிருந்து வாய் திறக்காமல் பல்லைக் கடித்துக்கொண்டு வந்த ராசமலர் அப்போதுதான் பேசினாள்: "அண்ணை, நிண்டது காணும். இனிக் காலை எடுங்கோ."

எடுத்தார். கார் உருண்டு, இருமி, ஓடியது.

ஆசுப்பத்திரி விறாந்தையில் கந்தசாமி நின்ற இடத்திலேயே முன்னும் பின்னும் நடந்தான். செல்வரத்தினம் அண்ணை காரைத் துடைக்கிறேன் என்று போய் துடைக்காமல் நின்றார். நேரம் போகவேயில்லை. முந்தின பிள்ளை அழவேயில்லை என்று யாரோ முன்பு சொன்னது எனக்கு நினைவில் வந்து வந்து குடைந்தது. அப்போது உள்ளேயிருந்து ஒரு கிறீச்சிட்ட சத்தம். என்னை அறியாமல் நான் எழும்பிவிட்டேன். மிஸி கதவைத் திறந்துகொண்டு வெளியே வந்தார். முகம் முழுக்க வேர்வையும் சிரிப்பும். கந்தசாமியிடம் "பெட்டைப்பிள்ளை. தாயும் சுகம்" என்றார். பிறகு என் பக்கம் திரும்பி, "கேக்குதோ? உது கத்தத்தான் வேணும். நீங்கள் கையை வையாதையுங்கோ."

சத்தம் கேட்டால் நட்டுச் சாவியைத் தேட வேண்டியவன் கண்ணைத் துடைக்கத் துவாயைத் தேடினால் அவன் தொழிலுக்கு லாயக்கில்லாதவன் என்பார்கள். அன்று அந்த விறாந்தையில் நான் முழு லாயக்கில்லாதவன்.