அண்ணன் கை நனைத்த நாள்

அண்ணனின் பதினாறாம் நாளன்று உங்கள் கைக்கு வந்திருக்க வேண்டிய நினைவு மலர் இது. முதல் வருஷத் திதிக்கு வருகிறது. அச்சகத்தாரைத் திட்ட வேண்டாம். 'பிறந்தார்' என்று தொடங்குவதா, 'அவதரித்தார்' என்று தொடங்குவதா என்று நான் யோசித்துக்கொண்டிருந்ததில் பதினொரு மாதம் போயிற்று. யுத்தத்தில் காகிதம் கிடைக்காத இந்தக் காலத்தில் நான் கிழித்துப் போட்ட தாளில் ஒரு பள்ளிக்கூடம் நடத்தலாம். இப்போதும் இரண்டு வரிக்கு ஒருமுறை எழுந்து வாசல்வரை நடந்துவிட்டு வந்துதான் எழுதுகிறேன்.

அண்ணன் பிறந்தது உத்தமபாளையம் பக்கம். காலராவில் அப்பாவும் அம்மாவும் ஒரே வாரத்தில் போனபோது அவருக்குப் பதினாறு வயது, எனக்கு ஆறு. காரியம் முடிந்த மறுநாளே வண்டி பூட்டி, வாழைத்தார் ஏற்றிக் கம்பம் சந்தைக்குப் போனார். என்னைப் படிக்க வைத்தார். அதன் பலனை ஊர் இன்றுவரை அனுபவிக்கிறது.

ஒரு திருவிழா நாடகத்தில் தூதனாக வந்த அண்ணன், கொண்டு வந்த சேதியை மேடையிலேயே மறந்துபோனார். கலங்கவில்லை. "மகாராஜா, சேதி சொல்லும்படியா இல்ல. நீங்களே ஒரு எட்டு போய்ப் பாத்துட்டு வாங்க" என்றார். ராஜா வேறு வழியின்றி உள்ளே போய்விட்டார்.

எனக்கு இருபத்தாறு வயதில், ஆண்டிபட்டியில் பெண் பார்க்கப் போனோம். அதற்கு முன் நான்கு இடங்களில் "யோசித்துச் சொல்கிறேன்" என்று சொல்லியிருந்தேன். நான் யோசித்து முடிப்பதற்குள் நால்வருக்கும் கல்யாணமாகி, ஒருத்திக்குப் பிள்ளையும் பிறந்துவிட்டது. இதுவும் தப்பினால் இனிப் பெண் கேட்டு வர மாட்டோம் என்று சொந்தக்காரர்கள் கைவிரித்திருந்தார்கள்.

விடிகாலையில் கிளம்பிய பஸ், வழியில் இரண்டு முறை படுத்து, உச்சிப்பொழுதில் கொண்டுபோய்ச் சேர்த்தது. பெண்ணைப் பார்த்தேன். பிடித்திருந்தது. பிடித்தது சரியா என்பதுதான் தெரியவில்லை. அண்ணனை வாசலுக்கு அழைத்து, சட்டைப் பையிலிருந்து தாளை எடுத்தேன். ஒரு பக்கம் நிறை, மறுபக்கம் குறை.

"அண்ணே, குறை மூணுதான். ஆனா மூணாவது..."

"மூணாவது என்னலே?"

"அவுகளுது வானம் பாத்த பூமி. மழை பொய்ச்சா..."

"ஏலே, நீ பொண்ணைக் கட்டப் போறியா, புஞ்சைய உழப் போறியா?"

"ஒரு வாரம் தவணை கேளுங்கண்ணே."

அவர் திரும்பி உள்ளே போனார். கூடத்தில் இலை போட்டிருந்தது. பேச்சு முடியாமல் பெண் வீட்டில் கை நனைக்கக் கூடாது, நனைத்தால் சம்மதம் என்பது உங்களுக்குத் தெரியாததல்ல. அண்ணன் நேரே போய் உட்கார்ந்து, இலையில் தண்ணீர் தெளித்து, சோற்றைப் பிசைந்தார். பெண்ணின் தகப்பனார் கண்ணைத் துடைத்துக்கொண்டார். வாசலில் தாளும் கையுமாக நின்றவனுக்குக் கல்யாணம் நிச்சயமாகிவிட்டது.

திரும்பும்போது பஸ்ஸில் எனக்கு இருப்புக்கொள்ளவில்லை. "ஏண்ணே அப்படிச் செஞ்சீக?"

"பசிச்சுச்சுலே."

அதன்பின் பதினேழு வருஷம் கேட்டுப் பார்த்தேன். அதே பதில்தான். போன ஐப்பசி மழையில் காய்ச்சலாகப் படுத்தபோதும் விடவில்லை.

"நெசமாச் சொல்லுங்கண்ணே. யோசிச்சுத்தான செஞ்சீக?"

"இன்னுமாலே அங்கனயே நிக்கிற? கஞ்சி ஆறுது, குடு" என்றார்.

மூன்றாம் நாள், அவர் வழக்கப்படி, சட்டென்று போய்விட்டார்.

ஆற்றில் வெள்ளம் போகையில் மருந்துப் பெட்டியைத் தலையில் வைத்துக் கடந்து வந்த வைத்தியர், நடவைப் பாதியில் விட்டு வந்து தோள் கொடுத்தவர்கள், எங்கள் வீட்டில் உலை ஏறாத நாட்களில் சோறாக்கி அனுப்பிய பக்கத்து வீட்டார், எல்லோருக்கும் எங்கள் குடும்பத்தின் கும்பிடு. இதை அப்போதே சொல்லியிருக்க வேண்டும்.

அச்சுக்குக் கொடுக்குமுன் என் மனைவியிடம் இதை வாசித்துக் காட்டினேன். அரிசியில் கல் பொறுக்கியபடி கேட்டவள் நிமிராமலே சொன்னாள்: "அவுக பசின்னு சொன்னது நெசந்தான். நீங்க நாலு எடத்துல யோசிச்சதையும், அவுக பசி தாங்க மாட்டாகங்கறதையும் முன்னாடியே விசாரிச்சிட்டேன். அதான், வந்து எறங்குனதுமே இலையைப் போடுங்கன்னு எங்க ஆத்தாகிட்டச் சொன்னேன்."