தில்லையம்மாள் கற்ற பர்மா பாஷை

பெரிய காஞ்சிபுரத்தில் நெசவாளர்கள் குடியிருந்த எங்கள் தெருவில் பிறந்த பிள்ளைகளில் பாதிப் பேரை முதலில் கையில் ஏந்தியவள் தில்லையம்மாள். நானும் அந்தப் பாதியில் ஒருவன். சர்க்கார் நடத்திய பயிற்சிக்குப் போய்ப் பிரசவம் பார்க்கக் கற்றவள். எழுதப் படிக்கத் தெரியாது. ஆனால் வாய்க்குப் பூட்டே கிடையாது. "கத்துடி, யாரு வேணான்னது? கத்திக்கினே முக்கு" என்பாள். அவள் போடும் அதட்டலிலேயே பாதி வலி போய்விடும் என்று பெண்கள் சொல்வார்கள்.

1965-இல் அந்த வாய்க்கு ஒரு சோதனை வந்தது. பர்மாவிலிருந்து தமிழர்கள் கப்பல் கப்பலாகத் திரும்பிக்கொண்டிருந்த காலம். தென்னேரிக்காரன் துரைக்கண்ணு, ரங்கூன் அரிசி ஆலையில் பதினோரு வருஷம் மூட்டை தூக்கிவிட்டு, அங்கேயே கட்டிய பெண்டாட்டியோடு வந்து எங்கள் தெருவில் வாடகைக்குக் குடியேறினான். அவள் பெயர் மா கின். தமிழில் "சாப்பாடு" என்ற ஒரு சொல்தான் அவளுக்கு வரும். வந்தபோதே நான்கு மாதக் கர்ப்பம். ஆஸ்பத்திரிக்கு ஒரு முறை அழைத்துப் போனான். நர்ஸ் கேட்டது இவளுக்குப் புரியவில்லை, இவள் சொன்னது நர்ஸுக்குப் புரியவில்லை. அழுதுகொண்டே வந்தவள் இனிமேல் அந்தப் பக்கம் போகமாட்டேன் என்றுவிட்டாள்.

துரைக்கண்ணு தில்லையம்மாளிடம் வந்து நின்றான்.

"அக்கா, நீதான் பாக்கணும்."

"பாக்கறேன்பா. அவகிட்ட எப்பிடிப் பேசறது?"

"கதவுக்கு வெளிய நின்னுக்கினு நான் சொல்றேன்."

"நல்லாருக்குதே. புள்ளத் தல வெளிய வர நேரத்துல ஒன்னத் தேடிக்கினு நான் வாசலுக்கு ஓடணுமா? அந்தப் பாஷைய எனக்கே கத்துக்குடு."

நாற்பத்திரண்டு வயதில் அவள் பாடம் படிக்க ஆரம்பித்தாள். நோட்டும் பென்சிலும் அவளுக்கு ஆகாது. தறியில் மிஞ்சிய கழிவுப் பட்டு நூல்களைச் சேர்த்து, ஒரு சொல்லுக்கு ஒரு நிறமாக முடிச்சுப் போட்டுக்கொண்டாள். தண்ணீருக்கு வெள்ளை, ரத்தத்துக்குச் சிவப்பு, வலிக்கு அரக்கு, "மூச்சு விடு" என்பதற்கு மயில்கழுத்து. தண்ணீர் என்றால் "யே". அதை மட்டும் முதல் நாளே பிடித்துவிட்டாள். மற்றதெல்லாம் முடிச்சைத் தடவித் தடவி உருப்போட்டதுதான். தெருப் பெண்களுக்கு இது வேடிக்கை.

"இன்னாக்கா, ரங்கூனுக்குக் கப்பல் ஏறப் போறியா?" என்று அம்சவேணி கேட்டாள்.

"ஏறுனா ஒன்னயும் இட்டுக்கினு போயி நடுக்கடல்ல தள்ளிட்டு வரேன்."

துரைக்கண்ணுவின் பர்மா பாஷை ஆலையில் கற்ற பாஷை. தூக்கு, இறக்கு, நிறுத்து, சீக்கிரம். பிரசவத்தில் முக்குவதற்கு என்ன சொல் என்று கேட்டதற்கு, வண்டியைத் தள்ளுகிற சொல்லைச் சொல்லிக்கொடுத்தான். தில்லையம்மாள் அதைக் கேட்டு, மா கின்னின் முதுகில் தட்டி அதட்டிக் காட்டினாள். மா கின் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். ஊருக்கு வந்து அவள் சிரித்தது அன்றுதான். பிறகு அவளே தரையில் உட்கார்ந்து முக்கிக் காட்டி, சரியான சொல்லைச் சொல்லிக்கொடுத்தாள். அன்று முதல் பாடம் இரண்டு பெண்களுக்குள் நடந்தது. துரைக்கண்ணுவைக் கூப்பிடுவது குறைந்தது.

விளையாட்டாகத் தெரிந்தாலும் தில்லையம்மாளுக்கு உள்ளூரப் பயம். எங்கே வலிக்கிறது, தலை சுற்றுகிறதா, கண் இருட்டுகிறதா என்று கேட்க முடியாத ஒருத்திமேல் கை வைப்பதும், கண்ணைக் கட்டிக்கொண்டு நூல் கோப்பதும் ஒன்று என்று அவள் என் அம்மாவிடம் சொன்னாளாம். தாயும் பிள்ளையும் பிழைக்க வேண்டும், அவ்வளவுதான் அவளுக்கு வேண்டியிருந்தது.

ஆவணியில் ஒரு நாள் காலையில் வலி எடுத்தது. வெந்நீர் எடுத்துக் கொடுக்க என் அம்மா உள்ளே இருந்தாள். பிரசவம் நடக்கிற இடத்துக்கு ஆண் வரக்கூடாது என்பதால் துரைக்கண்ணு கதவுக்கு வெளியே நின்றான். தில்லையம்மாள் பர்மா பாஷையில் அதட்டினாளாம். முக்கு என்றபோது மா கின் முக்கினாள், நிறுத்து என்றபோது நிறுத்தினாள். ரத்தம் அதிகம் போனபோது "கண் இருட்டுகிறதா" என்று கேட்டாள். ஆமாம் என்று பதில் வந்தது. உடனே காலை உயர்த்தி வைத்து, வயிற்றை அழுத்திப் பிடித்து, ரத்தத்தை நிறுத்தினாள். மா கின் பிழைத்தது அந்த ஒரு கேள்வியால்தான் என்று அம்மா கடைசிவரை சொல்லிக்கொண்டிருந்தாள்.

ஆனால் குழந்தையின் கழுத்தில் கொடி இரண்டு சுற்றுச் சுற்றி வந்திருந்தது. அழவில்லை. தில்லையம்மாள் முதுகில் தட்டினாள், வாயில் ஊதினாள், வெந்நீரிலும் தண்ணீரிலும் மாற்றி மாற்றி வைத்தாள். கால் மணி நேரம் விடவில்லை. பிறகு விட்டாள்.

மா கின் தலையைத் தூக்கி என்னவோ கேட்டாள். அந்தச் சொற்கள் தில்லையம்மாளிடம் இருந்த எந்த முடிச்சிலும் இல்லை. ஆனாலும் கேள்வி புரிந்தது. பதிலுக்குத்தான் சொல் இல்லை. பிள்ளைத்தாய்ச்சி இருக்கிற வீட்டில் எங்கள் பக்கம் உப்பு தீர்ந்தால்கூட "இல்லை" என்று சொல்லமாட்டோம், "நெறஞ்சிருக்குது" என்போம். அங்கே உட்கார்ந்து சாவுக்கு என்ன சொல் என்று யார் கேட்பார்கள்? அறுபது சொல் கேட்டு வைத்திருந்தவள் அந்த ஒன்றைக் கேட்கவே இல்லை.

கையை விரித்துக் காட்டினாலே எந்தப் பெண்ணுக்கும் விளங்கும். இத்தனை நாள் வாய்விட்டுப் பேசியவளிடம் அப்படிச் செய்ய அவளுக்கு மனம் வரவில்லை. குழந்தையைத் துணியில் சுற்றி என் அம்மாவிடம் கொடுத்துவிட்டு, கதவை ஒரு சாண் திறந்தாள்.

"தொர, ஒரு வார்த்த வேணும்பா."

"கேளுக்கா."

"பொறக்கும்போதே புள்ளைக்கு உசுரு இல்லன்றத எப்பிடிச் சொல்றது?"

அவன் மெதுவாக ஒரு முறை சொன்னான். அவளுக்குப் பிடிபடவில்லை. இன்னொரு முறை சொல்லச் சொன்னாள். சொன்னான். அதை முணுமுணுத்துக்கொண்டே அவள் மா கின்னிடம் திரும்பினாள்.