கேரம் போர்டில் ஒரு ஜெபம்

போன ஞாயிறு மத்தியானம் எங்கள் சித்தூர் சபை ஹாலில் கேரம் போட்டி. ஏலம், அசனச் சாப்பாடு, கேரம் — இந்த மூன்றும் இல்லாமல் எங்களுக்கு அறுப்பின் பண்டிகை முடியாது. பெண்களும் ஆடலாம். நானும் என் நாத்தனார் கிருபாவும் ஒரு ஜோடி.

கிருபா நாயுடுபேட்டைக்குக் கல்யாணமாகிப் போனவள். அங்கே ஒத்துவராமல் எங்களோடு வந்துவிட்டாள். வந்த நாளாக ஞாயிறு ஆராதனைக்குக்கூடக் கோயிலுக்கு வருவதில்லை. நாலு பேர் பார்ப்பார்களாம்... கேரம் போர்டைக் காட்டித்தான் அவளை வாசற்படி தாண்ட வைத்தேன். ஸ்ட்ரைக்கரைத் தொட்டால் போதும், பழைய கிருபா வந்துவிடுவாள். எனக்கு அது போதும். கோப்பை யாருக்கு வேண்டும்? (சரி, கொஞ்சம் வேண்டும்தான்.)

எங்கள் ஹாலில் ஆட்டத்தைவிட வாய் பெரிது. அடிக்கப் போகிறவர் கை நடுங்கும்வரை கிண்டல் செய்வார்கள். அது எழுதாத சட்டம். எதிர் ஜோடியில் சைக்கிள் கடை ஜெயசீலன் அண்ணன். இந்த வித்தையில் மன்னன்.

"அக்கா, போர்டுல சாயாதீங்க. தாங்காது" என்றார் என் உடம்பைப் பார்த்து. நானும் அவர் வழுக்கையைப் பற்றி இரண்டு சொன்னேன். சரிக்குச் சரி. இருவரும் சிரித்தோம்.

அப்புறம் கிருபா ரெட்டுக்குக் குறி வைத்தாள். அண்ணன் வாயைத் திறந்தார்.

"புருசனையே கூட வச்சிக்கினு இருக்கத் தெரியலை. ரெட்டை எங்க வச்சிக்கப் போவுது இந்தப் பொண்ணு?"

ஹால் சிரித்தது. கிருபாவின் ஸ்ட்ரைக்கர் நேராகப் பாக்கெட்டில் போய் விழுந்தது. அவள் முகம் சுண்டிவிட்டது. எனக்கு வந்ததே கோபம்.

"இன்னா பேச்சு இது?"

"ஊரிகே அன்னானு அக்கா" என்று தெலுங்கில் குழைந்தார் அண்ணன். "சும்மா விளையாட்டுக்குத்தானே?"

விளையாட்டாம். என் உடம்பும் அவர் வழுக்கையும் விளையாட்டு, ஒத்துக்கொள்கிறேன். இவள் காயத்தில் விரலை விடுவது யாருக்கு விளையாட்டு? சிரித்தவர்கள் வீட்டுக்குப் போய்த் தூங்கிவிடுவார்கள். இவள் மறுபடி கதவைச் சாத்திக்கொண்டால் நான் எதைக் காட்டிக் கூப்பிடுவேன்?

"எழுந்திரு, ஊட்டுக்குப் போலாம்" என்றேன்.

அவள் எழவில்லை. முறை சுற்றி அவளிடம் வந்தது. அண்ணன் தொண்டையைச் செருமினார். கிருபா நிமிர்ந்து அவரையே பார்த்தாள்.

"அண்ணே, எனக்கோசரம் ஒரு ஜெபம் பண்ணுங்க. அப்புறம் அடிக்கிறேன்."

எங்கள் சபையில் ஒருவர் ஜெபிக்கச் சொல்லிவிட்டால் மறுக்க முடியாது... போதகர் ஐயரானாலும் சரி, சைக்கிள் கடைக்காரரானாலும் சரி. அதற்குள் ஹாலே பழக்கதோஷத்தில் கண்ணை மூடித் தலை குனிந்துவிட்டது. அண்ணன் வசமாக மாட்டிக்கொண்டார். நான் மட்டும் ஒரு கண்ணைத் திறந்து வைத்திருந்தேன்.

"ஆண்டவரே..." என்றார். "இந்தத் தங்கச்சி... கிருபா... ரொம்ப நொந்துபோய்க் கீது. இன்னிக்குத்தான் வெளிய வந்து ஆடிக்கினு இருக்குது. அது மனசுக்கு ஆறுதல் குடும்." குரல் இறங்கிவிட்டது. "என்னையும் மன்னியும். ஆமென்."

"ஆமென்" என்றது ஹால். எல்லோரையும்விட உரக்கச் சொன்னவள் கிருபா.

அடித்தாள். ரெட் விழவில்லை. ஆட்டமும் போயிற்று. ஆனால் திரும்பி வரும் வழியெல்லாம் அந்த ரெட்டைப் பற்றியேதான் பேச்சு. எங்கே குறி தப்பியது, வரும் ஞாயிறு ஆராதனை முடிந்து ஹாலில் ஆடும்போது எப்படி அடிப்பது என்று. வரும் ஞாயிறு! எனக்குக் கோப்பையே கிடைத்த மாதிரி இருந்தது.

ஒருவருக்காகப் பேர் சொல்லி ஜெபித்த வாயால் உடனே அவரைக் குத்திப் பேச வராது போலிருக்கிறது. ஜெயசீலன் அண்ணன் மிச்ச ஆட்டம் முழுக்க என் உடம்பைப் பற்றி மட்டும்தான் பேசினார்.