சாம்பிராணி போட்ட வெள்ளிக்கிழமை

முப்பத்தொரு வருடக் கனடா வாழ்க்கையில் கோணேஸ்வரன் ஒரு நாளும் வேலைக்குப் பிந்திப் போனதில்லை. மிசிசாகாவில் விமானங்களுக்குப் பெட்டி ஏற்றி இறக்குகிற வேலை. பனி கொட்டினாலும் சரி, காய்ச்சல் அடித்தாலும் சரி, ரெக்ஸ்டேலில் எட்டாம் மாடியிலிருந்து இறங்கி, பஸ்ஸுக்குப் பத்து நிமிடம் முன்னதாகவே போய் நிற்பார். இதற்காக அவருக்கு ஒருவரும் மெடல் குத்தவில்லை.

வெள்ளிக்கிழமைகளில் மட்டும் நேரம் இழுபறி. சாமிக்குச் சாம்பிராணி போடாமல் வீட்டை விட்டு இறங்கமாட்டார். சாமி புகையைப் பொறுத்தாலும் கூரையிலிருக்கும் அலாரம் பொறுக்காது; அப்பளம் பொரித்தாலே ஊரைக் கூட்டும். அதனால் குளிக்கும்போது தலைக்குப் போடுகிற பிளாஸ்டிக் தொப்பி ஒன்றை அதற்கு மாட்டிவிடுவார். அந்தக் கட்டடத்தில் பாதித் தமிழர் வீடுகளில் இதே கூத்துத்தான். புகை அடங்கியதும் கழற்றவேண்டும், அவ்வளவுதான்.

மாசியில் ஒரு வெள்ளிக்கிழமை அதை யாரும் கழற்றவில்லை. அவர் வேலைக்குப் போனபின், பகல் பதினொன்றரைக்கு, ஹீட்டர் வயரில் நெருப்புப் பிடித்தது. இரவு வேலை முடித்து வந்து அறைக்குள் படுத்திருந்த மனைவி ரதி எழும்பவேயில்லை. நெருப்புப் பெரிதில்லை, புகைதான் கொன்றது என்றார்கள். ஹீட்டருக்கு நேர் மேலே இருந்ததால், தொப்பி உருகி அலாரத்தோடு ஒட்டி, இரண்டும் ஒரே கரிக்கட்டியாகிவிட்டன. அங்கே தொப்பி இருந்தது கோணேஸ்வரனுக்கு மட்டும்தான் தெரியும்.

செத்தவீட்டில் அவர் அழவில்லை. வந்தவர்கள் கையைப் பிடித்தார்கள், கொடுத்தார். தேத்தண்ணி நீட்டினார்கள், குடித்தார். மார்க்கம் நகரில் மகள் பிரசாந்தினி வீட்டில் மூன்று கிழமையாகப் பசியும் இல்லை, நித்திரையும் இல்லை. துக்கம்கூட இல்லை. இப்படியும் ஒரு மனிதன் இருப்பானா என்று தன்னையே வெறுத்துப் பார்த்தார். அந்த வெறுப்பும் நிலைக்கவில்லை. உள்ளே எல்லாம் மரத்துக் கிடந்தது.

மகளுக்கோ அழுகை முழுவதும் கோபமாகிவிட்டது. கட்டடத்தைப் பார்த்துக்கொள்கிற மரியோதான் பழுதான அலாரத்தைக் கவனிக்காமல் விட்டான் என்று முடிவுகட்டி, முறைப்பாடும் கொடுத்துவிட்டாள். மரியோவை வேலையிலிருந்து நிறுத்திவைத்திருந்தார்கள். தை மாதம்தான் அந்த மனிதர் ஏணி வைத்து ஏறி, பற்றரி மாற்றி, அழுத்திப் பார்த்துவிட்டுப் போனவர். ஏணியைப் பிடித்துக்கொண்டு நின்றவர் கோணேஸ்வரன். உண்மையைச் சொன்னால் மரியோவின் வேலை தப்பும். மிஞ்சியிருக்கிற ஒரே உறவான மகள் அதன்பிறகு அவர் முகத்தில் முழிப்பாளா என்பதுதான் தெரியாது.

தீ விபத்தை விசாரிக்கும் அதிகாரி வீட்டுக்கு வந்தபோது மகள்தான் பக்கத்திலிருந்து மொழிபெயர்த்தாள். வேலைக்குப் போதுமான ஆங்கிலம் கோணேஸ்வரனுக்கு உண்டு. நெருப்புக்குப் பிறகு அது வாய்க்கு வரவில்லை. அலாரம் வேலை செய்ததா என்று அதிகாரி கேட்டார். இல்லையென்று சொல்லச் சொன்னாள் மகள்.

"அது நல்லாத்தான் வேலை செய்தது. நான்தான் சாம்பிராணிக்கு மூடிவிட்டனான்."

பிரசாந்தினி அதிகாரியை விட்டுத் தகப்பன் பக்கம் திரும்பினாள்.

"அம்மா கழட்டயில்லையோ?"

"எப்பவும் அம்மாதான் கழட்டுறவ. அண்டைக்கு, நைட் செய்துபோட்டு வந்தனீ, போய்ப் படு, நான் கழட்டுறன் எண்டு சொன்னனான். பஸ் போயிடும் எண்டு ஓடிட்டன்."

அப்பா என்ன சொல்கிறார் என்று அதிகாரி கேட்டார். பிரசாந்தினி தகப்பனையே பார்த்தபடி, ஒரு சொல்லும் விடாமல் ஆங்கிலத்தில் சொல்லத் தொடங்கினாள். 'போய்ப் படு' என்ற இடம் வந்ததும் நின்றுவிட்டாள். அதிகாரி பேனையோடு காத்திருந்தார். பிறகு அதையும் சொன்னாள்.